கப்பல் வலை

உட்காருங்கம்மா, ஏன் நிற்கிறீங்க? நாலரை பஸ் நாலரைக்கு வந்துவிட்டால் அது எங்க ஊர் பஸ்ஸே இல்லை. டிரைவர் முக்கில் இறங்கி டீ குடிக்கணும், கண்டக்டர் மீன் விலை கேட்கணும், அதற்கப்புறம்தான் வண்டி இங்கே திரும்பும். இந்தப் பக்கம் வாங்க, நிழல் இருக்கிறது. அந்தக் கப்பை ஏன் கையிலேயே வைத்திருக்கீங்க? டீதான் குடித்தாச்சே. பின்னால் போடுங்க, காற்று கொண்டுபோய்விடும்.

சரி, பைக்குள் வைத்துக்கொள்ளுங்க. படித்தவங்களுக்கு ஆயிரம் வழக்கம்.

நீங்க பேசினது நல்லா இருந்ததும்மா. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. இந்தக் கோயில் ஹாலில் எத்தனை பேர் பேசி நான் கேட்டிருக்கிறேன். ஆபீசருங்க வருவாங்க. காலேஜ் பிள்ளைகள் வருவாங்க. கையில் உறை மாட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்கி, போட்டோ எடுத்து, பிஸ்கட் தின்று, போய்விடுவாங்க. நீங்க ஒருத்திதான் என் நெஞ்சில் கிடந்த வார்த்தையை எடுத்துச் சொன்னீங்க. கடலில் இறங்குகிற ஒவ்வொரு வலையிலும் சொந்தக்காரன் பேர் இருக்கணும், எல்லா நாடும் கூடி உட்கார்ந்து அப்படி ஒரு சட்டம் போடணும் என்று. நான் எழுந்து நின்று கைதட்டினேனா இல்லையா? பின்வரிசையில் பையன்கள் சிரித்தது கேட்டிருக்குமே.

"இஸ்பிரித்தம்மா எந்திரிச்சிட்டா. இன்னைக்கு நாலு நாட்டுக்குச் சாபம் உண்டுலே."

சொன்னவன் பெர்நாந்து மகன். சிரிக்கட்டும். இஸ்பிரித்தம்மாள்தான் என் பேர், சாபம் விடுவதும் உண்மைதான். ஒரு நாட்டின் பேர் தெரிந்திருந்தால் ஒரு நாட்டுக்கு மட்டும் விட்டிருப்பேன். தெரியவில்லை, அதனால் எல்லாருக்கும் விடுகிறேன்.

அந்தச் சட்டத்தைப் பேச நீங்க போகப்போகிற கூட்டத்தில் நிஜமாகவே எல்லா நாடும் வருமா? ஒரே ஹாலிலா? யார் முன்னால் உட்காருகிறது என்று அடிதடி வராதா? சிரிக்காதீங்க. எங்க தெருவில் சவேரிமுத்து வீட்டுக்கும் லூர்தம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை. ஒரு முழ அகலம். இவ வீட்டுத் தண்ணி அவன் வாசலில் நிற்கிறது என்று சண்டை. இதைப் பேசித் தீர்க்கவந்த பங்குச்சாமிக்கு மாற்றல் வந்து, அடுத்த சாமி வந்து, அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது. சாக்கடை அப்படியே கிடக்கிறது. ரெண்டு வீட்டுக்காரங்களும் சொல்கிறது ஒரே வார்த்தைதான்: "அது எங்க வீட்டுத் தண்ணி இல்ல." தண்ணியில் பேரா எழுதியிருக்கிறது?

கடலும் அப்படித்தானே. எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம்.

எங்க கரையில் ஒதுங்குகிற சாமானைப் பாருங்க. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அடையாளம் தெரியும். வட்டம் வட்டமாக ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தால் அது சிங்களம். குச்சி குச்சியாக வீடு கட்டின மாதிரி இருந்தால் சீனாக்காரன். கொக்கி போட்டு வால் தொங்கினால் தாய்லாந்து. எண்ணெய் கேன், செருப்பு, ஊசி, பல் தேய்க்கிற பிரஷ். ஒரு தடவை ஒரு கல்யாணப் பெண் பொம்மை வந்தது, கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. எவன் ஊர்ப் பிள்ளை அதுக்காக அழுததோ! என் மகன் போன பிற்பாடு நான் தினம் கரையோரம் நடந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். குப்பை பொறுக்குகிறேன் என்று ஊரில் நினைத்தார்கள். நான் ஆள் தேடினேன்மா.

நீங்க அதுக்கு ஒரு பேர் சொன்னீங்களே. பேய்வலை. ஆளில்லாமல் கடலுக்குள் கிடந்து தானாகப் பிடித்துக்கொண்டே இருக்கிற வலை. பேர் சரிதான். ஆனால் பேய் என்றால் செத்துப்போன யாரோ ஒருத்தரோட பேய்தானே? யாரோடது? பேய்க்குக்கூட ஊர், பேர், கல்லறை எல்லாம் உண்டு. ரோட்டில் லாரி அடித்துவிட்டுப் போனால் நம்பரையாவது பார்ப்போம். என் பிள்ளையை அடித்த லாரிக்கு நம்பர் இல்லை.

ஜெர்வின் என்று பேர். இருபத்தாறு வயது. சங்கு குளிக்கப் போகிறவன். கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்து, தரையில் மணலோடு மணலாகக் கிடக்கிற சங்கைத் தடவி எடுத்துக்கொண்டு வருவான். தண்ணிக்குள்ளேயே கிடப்பவனுக்குக் காது எப்போதும் அடைத்திருக்கும். அதனால் கத்திக் கத்தித்தான் பேசுவான். "அம்மா, மீன்ல உப்பு இல்ல!" என்று அவன் சொன்னால் அடுத்த தெருவில் என் சமையலைப் பற்றிப் பேச்சாகிவிடும். எங்க வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மெதுவாகப் பேசுலே, மெதுவாகப் பேசுலே என்று சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் பல்லி கத்துவது கேட்கும்.

அது தை மாசம். தண்ணி தெளிந்து, அடியில் கிடக்கிற ஊசி தெரியும் என்பார்களே, அப்படி இருந்த நேரம். வள்ளத்தில் நாலு பேர் போனாங்க. என் கொழுந்தன் கஸ்பாரும் கூடப் போனான். ஜெர்வின் ரெண்டு மூன்று தடவை பாய்ந்து சங்கோடு ஏறி வந்தானாம். வள்ளத்தில் இருந்தவனைப் பார்த்து, "ஏலே, உனக்கு நீச்சல் மறந்துபோச்சா?" என்று கேலி பண்ணிவிட்டு மறுபடி பாய்ந்தானாம். ஏறி வரவில்லை.

கஸ்பார்தான் பாய்ந்து தேடினான். கடலுக்கடியில் பாறை இருக்குமே, பார் என்போம், அந்தப் பார் ஓரத்தில் கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி வலை தொங்கிக்கொண்டிருந்ததாம். அதற்குள் என் பிள்ளை. ஒரு காலும், கண்ணாடி வாரும் மாட்டியிருந்தது. கையில் கத்தி. பாதியை அறுத்திருக்கிறான்மா. பாதி அறுத்திருக்கிறான்.

தண்ணி இருக்கா உங்ககிட்டே? கொடுங்க ஒரு வாய்.

இப்போது என் வழக்கைக் கேளுங்க. அந்தா, பூவரச மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான் பாருங்க, வெள்ளைத் தாடி. அவன்தான் கஸ்பார். நீங்க பேர் எழுதுகிற சட்டத்தைப் பற்றிப் பேசினபோது நடுவில் எழுந்து வெளியே போனானே, கவனித்தீங்களா? எல்லாரும் கைதட்டுகிறார்கள், இவனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். வெளியூர் ஆள் யார் வந்து என்னிடம் பேசினாலும் இப்படித்தான் வந்து தூரத்தில் நிற்பான். என்னைக் காவல் காக்கிறானாம். நான் அவனோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவன் கால்சட்டை போட்ட பயல். என் கையால் சோறு தின்றவன். மயினி, மயினி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? பிள்ளையைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஓடி வருவதற்குள் உடம்பிலிருந்த வலையை இவனே அறுத்து எடுத்து, சுருட்டி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான். என் மடியில் பிள்ளை கிடக்கிறான், என் மூக்கில் நைலான் எரிகிற நாற்றம். பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடினேன். கரியாக, கட்டியாக, தார் மாதிரி உருகிக் கிடந்தது.

அடித்தேன். கன்னத்தில், நெஞ்சில், கை ஓயும்வரை அடித்தேன். நின்று வாங்கினான்.

"என்ன நிறம்லே அது? அதையாவது சொல்லு."

"பார்க்கல மயினி."

"எந்த நாட்டு வலைலே?"

"கப்பல் வலை மயினி. பெரிய கப்பல் வலை. தூர தேசத்துலருந்து அடிச்சிட்டு வந்திருக்கு."

தெளிந்த தண்ணியில் மணலோடு கிடக்கிற சங்கைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, கையால் அறுத்த வலையின் நிறம் தெரியவில்லையாம். நிறம் தெரியாதவனுக்குக் கப்பல் வலை என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? பெருசா இருந்துச்சு, அவ்வளவுதான் சொன்னான். கூடப் போன மற்ற ரெண்டு பேரையும் கேட்டேன். ஒருத்தன் கடலைப் பார்த்தான், ஒருத்தன் காலைப் பார்த்தான். "கஸ்பார் அண்ணன் சொன்னதுதான்" என்றார்கள்.

அந்த வலை மட்டும் இருந்திருந்தால், தூக்கிக்கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டிருப்பேன். மிதப்பு எந்த ஊரில் செய்தது, நூல் எந்த ஊர் நூல், முடிச்சு யார் போட்ட முடிச்சு என்று கண்டுபிடிக்க ஆளா இல்லை? சாட்சியைக் கொளுத்திவிட்டானே பாவி.

ஏன் கொளுத்தினான் என்று கேட்கிறீங்களா? கேட்டு என்ன பண்ண. அவனுக்கு வலை என்றால் மதிப்புக் கிடையாதும்மா. அது அன்றைக்கு வந்த புத்தி இல்லை. அவன் அண்ணன் செத்தபோதே நான் பார்த்துவிட்டேன்.

ஜெர்வின் அப்பா நெஞ்சுவலியில் போனது அதற்கு மூன்று வருஷம் முந்தி. எங்க ஊரில் ஒரு முறை உண்டு. ஒரு மனுஷன் செத்தால் அவன் வலையை விற்கக்கூடாது. இன்னொருத்தன் கையில் கொடுக்கவும்கூடாது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வலையைக் கோயில் வாசலில் விரித்து, பங்குச்சாமி தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு மகன் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிட்டு வரணும். கடல் கொடுத்ததைக் கடலுக்கே கொடு என்பார்கள். என் மாமனார் வலையை அப்படித்தான் கொடுத்தோம். பருத்தி நூல். அடுத்த பருவத்துக்குள் கடல் செரித்துவிட்டது. போய்ப் பார்த்தால் ஒரு இழை இல்லை.

ஜெர்வின் அப்பா வலை பச்சை வலை. நல்ல நைலான். கிழிசல் எல்லாம் நானே உட்கார்ந்து தைத்து வைத்திருந்தேன், புதுசு மாதிரி இருக்கும். இந்தக் கஸ்பார் என்ன சொன்னான் தெரியுமா?

"மயினி, இது அப்பா காலத்து நூல் இல்ல. நைலான். கடலுக்குச் செரிக்காது. வித்துருவோம். இல்லன்னா கோயில் வாசல்லயே வச்சு எரிச்சிருவோம்."

அண்ணன் மண்ணுக்குள் போய் ஒரு மாசம். அதற்குள் விற்கிற பேச்சு! ஜெர்வினும் பக்கத்தில் நின்று, "சித்தப்பா சொல்றது சரிதானேம்மா!" என்று கத்துகிறான். எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்பன் வலைய வித்துத் திங்கணுமாலே உங்களுக்கு? எடுத்துட்டுப் போய் முறைப்படி கொடு. இல்லன்னா நீ அவருக்குப் பொறந்தவன் இல்ல" என்று சொல்லிவிட்டேன். ஒரு தாய் அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பிள்ளை வலையைச் சுருட்டினான். தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும், "எங்கலே போட்ட?" என்று கேட்டேன். கல்லைக் கட்டி இறக்கிவிட்டானாம், யார் இஞ்சினிலும் சுற்றிக்கொள்ளாமல் இருக்க.

"அப்பாவுக்குப் பிடிச்ச பார்லதாம்மா. நான் தினம் அந்தப் பக்கந்தான போறேன். போகும்போது வரும்போது ஒரு கும்பிடு போட்டுக்கிடலாம்."

அப்படிப் பிள்ளைம்மா அவன்.

காற்று திரும்பிவிட்டது பாருங்க. இனி சாயங்காலம்வரை மண்ணடிக்கும். கண்ணில் விழாமல் துண்டைப் போட்டுக்கொள்ளுங்க.

எதில் விட்டேன்? ஆங், கஸ்பார். சொன்னேனே, அவனுக்கு முறை என்றாலே ஆகாது. ஜெர்வின் போன அடுத்த வருஷம் தொம்மாந்திரை செத்தார். அவர் மனைவி புஷ்பம் முப்பதாம் நாள் பூசைக்கு வலையை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருகிறாள். இவன் போய் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டான். படுத்துவிட்டான்மா, ரோட்டில்! "என்மேல ஏத்திட்டுப் போங்க. இனிமே இந்த ஊர்ல ஒரு வலையும் கடலுக்குள்ள போகக்கூடாது" என்று கத்துகிறான். சாமி வந்தார், கமிட்டிக்காரங்க வந்தாங்க. எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். குடித்திருக்கிறானா என்று ஒருத்தன் வாயை மோந்துகூடப் பார்த்தான். அப்புறம் எழுந்து போய்ப் புஷ்பத்தின் காதில் ஏதோ சொன்னான். ஒரு வார்த்தையோ ரெண்டு வார்த்தையோ. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை, என்னைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். ஏன்டி அழுறே என்றால் முகத்தை மூடிக்கொள்கிறாள். வலையை விற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஊரில் அந்த முறையே போய்விட்டது. இப்போது ஆள் செத்தால் பழைய வலை வாங்குகிறவன் வேன் எடுத்துக்கொண்டு வருகிறான், எடை போட்டுக்கொண்டு போகிறான். உருக்கி வாளி செய்கிறார்களாம். செத்தவன் வலை வாளியாகிறது. இதுக்குப் பேர் சீர்திருத்தமாம். இன்றைக்கு ஹாலில் நீங்ககூட எங்க ஊரை அதுக்காகப் பாராட்டினீங்க. போகட்டும், நீங்க வெளியூர்.

என்னம்மா? முகம் ஒரு மாதிரி இருக்கிறதே.

கேளுங்க, என்ன கேட்கணும்? நைலானா? கடலில் எத்தனை வருஷம் கிடக்கும் என்றா? நீங்கதானேம்மா ஹாலில் சொன்னீங்க, நம்ம பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளை பிறந்தாலும் கிடக்கும் என்று. அது கப்பல்காரன் வலை. அவன் வேண்டாமென்று வீசிவிட்டுப் போன குப்பை. சாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த வலையும் குப்பையும் ஒன்றா? பெற்ற பிள்ளையை அப்பன் வலை பிடிக்குமா? அவர் உயிரோடு இருந்தபோது அவனை ஒரு அடி அடித்ததில்லை.

பெர்நாந்து மகன்கூட ஒருநாள் குடித்துவிட்டு ஏதோ ஆரம்பித்தான். "பெரியம்மா, கப்பலும் இல்ல கிப்பலும் இல்ல" என்று. அவன் முடிக்கவில்லை. கஸ்பார் எங்கிருந்தோ வந்து அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டான். பல் ஒன்று போய்விட்டது. அதனால்தான் அந்தப் பயல் சிரித்தால் காற்றுப் போகிறது.

ஏன்மா அழுறீங்க? ஐயோ, இதென்ன! உனக்கு இளகின மனசு. இப்படி இருந்தால் அத்தனை நாட்டுக்காரன் முன்னால் எப்படிப் பேசுவே? இந்தா, முந்தானையில் துடைத்துக்கொள். மீன் நாற்றம் இருக்கும், பரவாயில்லை.

எங்கே எழுந்திருக்கிறே? அவனிடமா? வேண்டாம். உட்காரு. அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. உட்காரு என்கிறேன் இல்லையா.

கையை விட மாட்டேன். இங்கே பாரு. என் முகத்தைப் பாரு. நீ படித்தவள், எல்லாம் தெரிந்தவள். தெரிந்ததெல்லாம் எல்லாரிடமும் சொல்லணும் என்று இருக்கிறதா? அவன் ஆறு வருஷமாக என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அங்கே நிற்கிறான். என் வீட்டுப் படி ஏறியதில்லை. ஒரு பண்டிகைக்கு என் கையால் ஒரு வாய் தின்றதில்லை. நான் கூப்பிட்டால் வந்துவிடுவான். வந்தால் எதிரெதிரே உட்காரணும். உட்கார்ந்தால் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கணும். பார்த்துவிட்டு அப்புறம் நான் எங்கேம்மா போவேன்?

அதனால் அவன் அங்கேயே நிற்கட்டும். நான் இங்கேயே இருந்து திட்டிக்கொள்கிறேன்.

அந்தா, பஸ் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள். நீ போகிற இடத்தில் வலைக்குப் பேர் எழுதுகிற சட்டத்தைக் கேளு, கண்டிப்பாகக் கேளு. இனி வருகிற வலைக்கு. இனி கடலுக்குள் போகிற பிள்ளைகளுக்கு. போன வலைக்கு வேண்டாம். ஜெர்வின் கதையைச் சொன்னால் கப்பல் வலை என்றே சொல். தூர தேசத்துக் கப்பல் வலை. அத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க இல்லையா, ஒருத்தன்கூட எங்களுது இல்லை என்று எழுந்து சொல்ல முடியாது. யாருக்குத் தெரியும்?

ஏறும்மா, கண்டக்டர் விசில் அடிக்கிறான். ஏறி ஜன்னல் பக்கம் உட்காரு. கேட்கிறதா? அத்தனை நாடு இருக்கிறதே, இந்தப் பழியை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல். ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடி. அவங்களுக்கு அது பாரமே இல்லை. ஒருத்தி தலையில் மொத்தமாக வைத்தால் தூக்க முடியாதும்மா.